மதாம் பக்கம் திருப்பிய திரை

கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் தொழிலில் எந்தப் பிழைக்கும் மன்னிப்பு உண்டு, மாப்பிள்ளை பெயரில் விழும் பிழையைத் தவிர. வீட்டுக்குள்ளேயே கம்ப்யூட்டரை வைத்துப் பிழைப்பு நடத்துகிற உங்களுக்கு என் பயம் புரியும்.

கழுத்தில் மூச்சு

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். முத்தியால்பேட்டையில் எங்களுக்குக் கூடமும் சமையல் இடமும் ஒன்றே. சாப்பாட்டு மேசையில்தான் லேப்டாப். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் வந்தவர்கள் என் தோளுக்குமேல் எட்டித்தான் பார்க்கவேண்டும்.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட எங்கள் ஊர் வழக்கில் மதாம் என்று நாங்கள் கூப்பிடும் தெரேஸ் அம்மா, தன் மகன் ரெனே கல்யாணத்துக்குத் தமிழிலும் பிரெஞ்சிலும் பத்திரிகை கேட்டு வந்தார். பிரான்சிலிருந்து சொந்தமெல்லாம் வருகிறதாம். அன்று அவர் மூக்குக் கண்ணாடி என் கொண்டையில் இரண்டு தரம் சிக்கியது. "உன் தலையைக் கழட்டி வெச்சாதான் எம் புள்ள பேரு எனக்குத் தெரியும்போல. பெரிய திரை வெச்ச கடைக்கே போயிடறேம்மா" என்றார்.

மீசை

கெஞ்சி ஒரு வாரம் வாங்கிக்கொண்டு, லேப்டாப்போடு இணைக்க இன்னொரு திரை வாங்க வீட்டுக்காரரோடு கடைக்குப் போனேன். வீட்டுக்காரர் டிவி அளவுக்கு ஒன்றைக் காட்டினார். அதை வைத்தால் சோறு எங்கே வைப்பது? மடக்கி பீரோ பின்னால் செருகுகிற மாதிரி மெல்லியதாகக் கேட்டேன்.

முதலில் எடுத்தது பளபளவென்று இருந்தது. எங்கள் வாசல் வெயில் நேரே மேசையில் விழும், இதில் எழுத்து தெரியுமா என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருக்க, வீட்டுக்காரர் அதில் மீசையைத் திருத்திக்கொண்டிருந்தார். கடைக்காரத் தம்பி பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, சலூன் பக்கத்துத் தெருவுல."

முகம் தெரியாத, பளபளப்பில்லாத திரை கொண்டதையே எடுத்தேன்.

டைப் சி

"டைப் சி இருக்காக்கா?" என்று அந்தத் தம்பி கேட்டார். அரசாங்கக் குடியிருப்பில் ஏ டைப், பி டைப் என்பார்களே, அதைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "நாங்க குவார்ட்டர்ஸ் இல்ல தம்பி, சொந்த வீடு" என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்லிவிட்டேன்.

அவர் சிரிப்பை அடக்க ரொம்பப் பாடுபட்டார். என் பழைய லேப்டாப்பைப் பார்த்து, படத்துக்கு ஒரு ஒயர், கரண்டுக்கு ஒரு ஒயர் என்று எடுத்துக்கொடுத்தார். "வீட்டுக்குக் கேக்கலக்கா, ஒயரு சொருவுற ஓட்டைக்குக் கேட்டேன்!"

நாத்தனார்

மதாம் மறுபடி வந்தபோது புதுத் திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். என் கழுத்துக்கு விடுதலை. ஆனால் லேப்டாப்பில் தெரிவதெல்லாம் அதிலும் அப்படியே தெரியும் என்பது எனக்கு உறைக்கவில்லை. மூலையில் வீட்டுக்காரர் அனுப்பிய செய்தி எட்டிப் பார்த்தது. நான் கவனிப்பதற்குள் மதாம் உரக்கப் படித்துவிட்டார்: "உன் நாத்தனா ராத்திரிக்கு இங்கதான் சாப்புடறாங்களாம். மாவு இருக்கா?"

தலைக்கோடு

கடைசியாகப் பிரெஞ்சுப் பக்கம். அந்த மொழியில் ரெனே என்று எழுதினால் கடைசி எழுத்தின் தலைமேல் சாய்வாக ஒரு சின்னக் கோடு வேண்டும். அது இல்லாவிட்டால் பையன் பெயர் 'ரென்' ஆகிவிடும் என்று மதாம் முதல் நாளே மிரட்டியிருந்தார். பெயரைப் பெரிதாகப் போட்டு, கோட்டைப் பலமுறை பார்த்து வைத்திருந்தேன். அச்சுக்கு அனுப்பப் போனேன்.

"இரு. கோடு எங்க?"

"இதோ இருக்கே மதாம்."

அவர் எழுந்து வந்து என் லேப்டாப்பைப் பார்த்தார். இருந்தது. திரும்பிப் போய்ப் புதுத் திரையைப் பார்த்தார். இல்லை. "உன் பொட்டில இருக்கு, எம் பொட்டில இல்லையே? புதுசு வாங்கும்போதே கோடு இல்லாம குடுத்துட்டானா?"

முந்தானையால் லேப்டாப்பைத் துடைத்தேன். கோடு முந்தானையோடு வந்துவிட்டது. காலையில் ரசத்துக்குத் தாளித்தபோது தெறித்த சீரகம்! எழுத்தின் பாணியை மாற்றியபோதே நிஜக் கோடு தொலைந்திருக்கிறது. அதன் இடத்தில் கச்சிதமாக, சாய்வாக, இது உட்கார்ந்திருக்கிறது.

இனி பெரிய திரை வைத்த கடைக்குத்தான் போவார் என்று நினைத்துக்கொண்டே நிஜக் கோட்டைப் போட்டேன். இரண்டு திரையிலும் வந்தது. மதாம் தன் திரையை விரலால் ஒருமுறை துடைத்துப் பார்த்தார். கோடு நகரவில்லை. பிறகுதான் சிரித்தார். "அச்சுக்கு அனுப்பு. அடுத்த வருஷம் பொண்ணுக்கும் நீதான் அடிக்கணும். அவ பேருல ரெண்டு கோடு, அன்னிக்கி ரசம் வெக்காத!"

சின்ன வீட்டில் வேலை செய்கிறவர்கள் இரண்டாவது திரை வாங்கும்போது அளவு, ஒயர், வெளிச்சம் எல்லாம் பார்த்தது போதாதென்று, அடுப்பிலிருந்து எட்டத்தில் வைக்க இடமிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.