அழுதால் சக்தி போய்விடும்

தேக்கா மார்க்கெட் கடை வாசலில் தொங்கிய பிரம்பைக் கேட்டபோது கடைக்கார பாய், "ரெண்டா எடுத்துக்குங்கக்கா. ஒன்னு ஒடிஞ்சா இன்னொன்னு இருக்கும்லா" என்றார். காய்கறிப் பையோடு இரண்டையும் தூக்கிக்கொண்டு புக்கிட் மேராவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தேன். முதலாவதை அந்த மாதமே என் மகளின் தொடையில் ஒடித்தேன். அவளுக்கு எட்டு வயது. இதை எழுதும்போது என்மேல் நானே காறித் துப்பலாம் போலிருக்கிறது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் என்னைப் பைத்தியமாக்கியது அவள் அழாததுதான். முன்பெல்லாம் பிரம்பை எடுத்தாலே வீடு அதிரக் கத்துவாள். இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு என் கையையே முறைத்தாள். "திமிராடி உனக்கு?" என்று இன்னும் இரண்டு வைத்தேன்.

அப்போது அவள் ஒரு கார்ட்டூன் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் வரும் இளவரசிக்குக் கோபம் உச்சிக்கு ஏறினால் எதிரே நிற்கும் அரக்கன் கல்லாகிவிடுவான். நடுவில் அழுதுவிட்டால் சக்தி போய்விடும். இந்த மாதிரிப் படங்களில் கோலும் வேண்டாம், மந்திரமும் வேண்டாம், எல்லாம் மனசுக்குள்ளிருந்துதான் கிளம்புகிறது. சமைத்துக்கொண்டே காதில் வாங்கியிருக்கிறேன். பிள்ளை தொல்லை பண்ணாமல் இருந்தால் போதும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கணக்குத் தேர்வுத்தாள் மெத்தைக்கடியில் கிடைத்தது. பெற்றோர் கையெழுத்துப் போடும் இடத்தில் என் கையெழுத்தை அவளே போட்டிருந்தாள். அவ்வளவுதான். முடியைப் பிடித்து ஹாலுக்கு இழுத்து வந்தேன். காலில் நாலு, கையில் மூன்று. தோல் கிழிந்து ரத்தம் எட்டிப் பார்த்தது.

"அழுடி! வலிக்கலையா உனக்கு?"

"வலிக்குதும்மா." உள்ளங்கையை நீட்டினாள். "இன்னும் ஒன்னு அடிங்க. வர்ற மாதிரி இருக்கு."

"என்னடி வருது?"

"பவர். பிரின்சஸுக்கு வர்ற மாதிரி. கோபம் ஃபுல்லா வந்துட்டா உங்க கை கல்லாயிடும். அப்புறம் அடிக்க முடியாதுலா."

ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. அடிக்கவும் முடியவில்லை, இறக்கவும் முடியவில்லை.

அவள் என் கையை அண்ணாந்து பார்த்தாள். கண்கள் விரிந்தன.

"வந்துருச்சு" என்றாள்.

பிரம்பைக் கீழே போட்டு அவளைக் கட்டிக்கொண்டு நான்தான் கதறினேன். அவள் அழவில்லை. அழுதால் சக்தி போய்விடுமே என்று பயந்துபோய், பல்லைக் கடித்தபடியே நின்றாள்.