மழைக்குக் கொடுத்த மணல்

தீவில் சௌல்தாரி என்ற ஊரில் எங்கள் வீடு கால் முளைத்த வீடு. மாமனார் காட்டில் மரம் வெட்டும் வேலை பார்த்த காலத்தில் தன் கையால் கட்டியது. படாக் மரத் தூண்களை ஆள் உயரத்துக்கு மேல் நட்டு, அதன்மேல் பலகை பரப்பியிருந்தார். நாங்கள் மேலே இருந்தோம். கீழே விறகு, ஆடு, கோழி. தரையில் படுத்தால் பூரான் கடித்துவிடும் என்று அவருக்குப் பயமாம். தீவுப் பூரானைப் பார்த்தவர்கள் யாரும் அந்தப் பயத்தைக் குறை சொல்ல மாட்டார்கள்.

நான் கப்பலேறி மருமகளாக வந்தபோது மாமனார் இல்லை. அத்தையும் என் வீட்டுக்காரரும்தான். இவர் சர்க்கார் ரோடு வேலையில் ரோலர் ஓட்டினார். நான் வந்து சில வருஷத்திலேயே அத்தைக்கு முழங்கால் இரண்டும் வீங்கிவிட்டன. சமதரையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார். படி மட்டும் ஆகாது. மரப்படியின் தலைமாட்டில் வந்து நின்று கீழே பார்ப்பார், திரும்பிப் போய்விடுவார்.

அத்தைக்கு ஒரே ஒரு சிநேகிதி, பக்கத்து நிலத்துப் பெங்காலி அம்மா. கனத்த உடம்பு. எங்கள் படியில் ஒருமுறை கால் வைத்து, அது முனகியதைக் கேட்டு இறங்கியவர்தான், பிறகு ஏறவேயில்லை. மேலே இருப்பவருக்கு இறங்க முடியாது, கீழே இருப்பவருக்கு ஏற முடியாது. ஆனாலும் தினம் சாயங்காலம் பேச்சு நடக்கும். அந்த அம்மா வீட்டுக்கு அடியில் விறகுக்கட்டின்மேல் உட்கார்ந்து, அக்கா, உயிரோடு இருக்கிறாயா என்று அண்ணாந்து கூப்பிடுவார்.

"தீதி! ஜிந்தா ஹை?"

"இருக்கேன், இருக்கேன். ஒன்ன அனுப்பி வச்சிட்டுத்தான் நான் போவேன்" என்று அத்தை பலகைச் சந்தில் வாயை வைத்துச் சொல்வார்.

அந்த அம்மா பேசுவது இந்தி, அத்தை பேசுவது தமிழ். ஒரு சொல் வீணாகாது. சிரட்டையைக் கயிற்றில் கட்டி அத்தை ஜன்னல் வழியாக இறக்குவார். அந்த அம்மா தன் கொடியில் பறித்த வெற்றிலையை அதில் வைப்பார். சிரட்டை மேலே போகும்.

ஒருநாள் வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே அத்தை என்னிடம் கேட்டார். "ஏத்தா, அவ வீட்டு வெத்தலக்கொடி இப்ப எம்புட்டு ஒசரம் போயிருக்கும்?"

நான் கையைத் தூக்கிக் காட்டினேன். "நான் நட்டுக் குடுத்த கொடித்தா அது" என்றார்.

மறுநாள் இவர் சாப்பிட உட்கார்ந்தபோது சொல்லிவிட்டேன். "கீழ ஒரு தரையப் போடுங்க. அத்தைய இறக்கணும்."

"எங்க ஆத்தாள வெறகுக் கூடத்துல வைக்கச் சொல்றியா?"

"வெறகுக் கூடத்த வீடாக்கச் சொல்றேன்."

அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டார். சம்மதம் என்று எனக்குத் தெரியும்.

கப்பலில் சிமெண்டு வந்தது. ஆடும் கோழியும் கொல்லைக்குப் போயின. தூண்களுக்கு நடுவே பலகைச் சுவர் எழும்பியது. கொத்தனார் மதுரைப் பக்கத்துக்காரர், தீவுக்குப் புதிது. கடற்கரையிலிருந்து மணல் வந்து இறங்கியதும் அள்ளிப் பார்த்துவிட்டு, "வைகை மணல்கூட இம்புட்டு வெள்ளையா இருக்காதுய்யா" என்றார். எங்களுக்கும் பெருமையாக இருந்தது. மணல் என்றால் ஆற்று மணல்தான் தெரியும் எங்களுக்கு. வெள்ளையாக இருந்தால் சுத்தம் என்று நினைத்தோம்.

தரை போட்டு, சிமெண்டுப் பால் ஊற்றி இழைத்ததும் முகம் தெரிந்தது. இவர் அத்தையை முதுகில் சுமந்து இறக்கினார்.

"மெல்லடா. நான் என்ன நெல்லு மூட்டையா?"

"நெல்லு மூட்ட பேசாது ஆத்தா."

அன்று சாயங்காலம் பெங்காலி அம்மா வந்தார். இருவரும் ஒரே தரையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். வெகுநேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். "புட்டி ஹோ கயி, தீதி" என்றார் அந்த அம்மா. கிழவியாகிவிட்டாயே என்று. "நீ மட்டும் கொமரியோ?" என்றார் அத்தை.

மழை மேகம் கூடியதும் வினை வந்தது. ஓடு ஒழுகவில்லை, சாரல் அடிக்கவில்லை, ஆனால் தரை ஈரமாக இருந்தது. துடைத்தேன். திரும்பவும் வியர்த்தது. பெங்காலி அம்மா எழுந்தபோது சேலையின் பின்பக்கம் நனைந்திருந்தது. தடவிப் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "தீதி, தும்ஹாரா ஃபர்ஷ் பிஷாப் கர்த்தா ஹை!" எங்கள் தரை ஒன்றுக்குப் போகிறதாம்.

அத்தை சிரிக்கவில்லை. சுவர் ஓரமாக வெள்ளைப் பூ பூத்தாற்போல் ஏதோ படிந்திருந்தது. அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"உப்புடா" என்றார்.

"ஆத்தா, தரையப் போயி நக்குறியே."

"உப்பளத்துல பொறந்தவளுக்கு உப்புத் தெரியாதாடா? இனிமே கொழம்புக்கு உப்பு வாங்காத. தரையில வழிச்சுப் போடு."

கேலியாகத்தான் சொன்னார். ஆனால் அந்த ஈரத்தில் படுத்து முழங்கால் இன்னும் வீங்கியது. ராத்திரியெல்லாம் முனகினார். வேறு வழியில்லாமல் இவர் அத்தையைத் திரும்ப முதுகில் தூக்கி மேலே கொண்டுபோனார். அன்றைக்கு மூட்டை என்று யாரும் விளையாடவில்லை. மகன் தோளில் முகத்தைச் சாய்த்துக்கொண்டு அத்தை போனார். நான் பின்னாலேயே பாயைச் சுருட்டிக்கொண்டு ஏறினேன்.

மேல்பூச்சு ஒன்று பூசினால் சரியாகிவிடும் என்றார் கொத்தனார். ரோலரைக் கொண்டுவந்து ஏற்றிவிடுகிறேன் என்று கத்தினார் இவர், கோபத்தில். கீழே இருவரும் வாதாடிக்கொண்டிருக்க, பலகைச் சந்திலிருந்து சத்தம் வந்தது.

"டேய், மேல பூசாத! கடல் மணல்ல இருக்குற உப்பு ஏறி வந்துரும். அம்புட்டையும் ஒடச்சு எடு. புது மணல் அடிச்சு, அத மழைக்குக் குடு. உப்பு கரைஞ்சு போவட்டும்."

அத்தை பிறந்த ஊரில் மழைதான் எதிரி. கூட்டி வைத்த உப்பை ஒரு மழை தின்றுவிட்டுப் போய்விடும். குடும்பமே வரப்பில் நின்று வானத்தை வையுமாம். "எங்கப்பன் பட்ட பாட்ட மழ கரைச்சுச்சு. அதே மழ இங்க நமக்கு வேல செய்யட்டுமே" என்றார்.

தரையை உடைத்தோம். கடப்பாரைச் சத்தம் ஒவ்வொன்றும் எனக்கு நெஞ்சில் விழுந்தது. வாசலில் மூங்கில் தட்டி பரப்பி, புது மணலை அதன்மேல் கொட்டினோம். எங்கள் தீவு மழைக்குச் சொல்லவா வேண்டும். மாதக்கணக்கில் கொட்டியது. கோணியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நான்தான் மணலைப் புரட்டிப் போடுவேன். நாலைந்து நாளைக்கு ஒருமுறை சிரட்டை இறங்கி வரும். குவியலின் அடியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து வைப்பேன். மேலே போகும். நான் நனைந்துகொண்டே காத்து நிற்பேன்.

"இன்னும் இருக்குத்தா!"

பெங்காலி அம்மாவும் குடையோடு வந்து ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பார்ப்பார். "நமக் நஹி, தீதி! கதம்!" உப்பே இல்லையாம்.

"ஒனக்கு நாக்கு செத்துப்போச்சு. புளிப்புத் தெரியுமா ஒனக்கு, உப்புத் தெரிய?"

"தும்ஹாரா ஜீப் கராப்!"

யார் நாக்கு கெட்டது என்று மழைச் சத்தத்தை மீறிச் சண்டை போட்டார்கள். ரோட்டில் போகிறவர்கள் மண் தின்னும் வீடு என்று எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று நானும் ஒரு சிட்டிகை போட்டுக்கொள்வேன். அத்தை சொல்வதுதான் சரியாக இருக்கும். ஆழத்தில், நாக்கின் நுனியில், கொஞ்சம் கரிக்கும்.

மழை ஓயப்போகிற நேரத்தில் ஒருநாள் சிரட்டை மேலே போனது. நான் அண்ணாந்து பார்த்தேன். ஜன்னலில் அத்தையின் முகம் தெரிந்தது. உதட்டில் மணல்.

"வெறும் மண்ணுத்தா" என்றார்.

அடுத்த கப்பலில் வந்த சிமெண்டோடு அந்த மணலைச் சேர்த்துத் தரையைப் போட்டோம். அது காய்ந்து, அடுத்த மழையும் வந்து, தரை வியர்க்காமல் கிடந்ததைப் பார்த்த பிறகுதான் அத்தை இறங்கச் சம்மதித்தார். இவர் முதுகில் ஏறும்போது, "மூட்ட வருது, வழிய விடுங்க" என்றார்.

மறுநாள் நான் கொல்லையில் துணி துவைத்துவிட்டு உள்ளே வந்தால் பாயில் அத்தை இல்லை. வாசலுக்கு ஓடினேன். பக்கத்து நிலத்து வேலியோரம், கொடி படர்ந்த பாக்குமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அந்த அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, மொட்டை அடிக்காதே என்று இந்தியில் வைதுகொண்டிருந்தார். அத்தை காதிலேயே போட்டுக்கொள்ளாமல் ஒவ்வோர் இலையாகக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

கைத்தாங்கலுக்கு ஓடிய என்னை, வராதே என்று கையால் தடுத்தார். வேலியைப் பிடித்து, பிறகு சுவரைப் பிடித்து, தானாகவே நடந்து வந்து தரையில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. மடியிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துத் துடைத்து, சுண்ணாம்பு தடவி மடித்து என்னிடம் நீட்டினார்.

"இந்தா. நானே போயிப் பறிச்சது."

எனக்கு வெற்றிலைப் பழக்கம் கிடையாது. அன்று வாங்கிப் போட்டுக்கொண்டேன்.