காணிப்பாக்கத்துக் கயிறு

வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்கள். சித்தூரில் திருப்பதி ரோட்டோரம் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் ரங்கையாவின் சொந்தக் கார் அதைவிட மோசம். ஊரார் வண்டிக்கெல்லாம் வைத்தியம் பார்த்த மனுஷன், தன் வெள்ளைக் காரிடம் மட்டும் ஒரு வருஷமாகத் தோற்றுக்கொண்டிருந்தார். ஓடும்போது ஒரு குறையும் இல்லை. சிக்னலில் நின்றால் போதும், எஞ்சின் குளிர்ஜுரம் கண்டதுபோல் நடுங்கும். ஸ்டியரிங் நடுங்கும், பின்சீட்டும் நடுங்கும்.

அந்தப் பின்சீட்டில்தான் அவர் மனைவி ரத்னம்மா செத்துப்போனாள். போன மாங்காய் சீசனில் நெஞ்சுவலி என்று திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பாகாலா தாண்டி, மண்டிக்கு எதிரே மாங்காய் லாரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. அப்போதெல்லாம் எஞ்சின் ஓடுகிற சுவடே தெரியாது.

"இன்னாய்யா, வண்டி ஆஃப் ஆயிடுச்சா?" என்று பின்னாலிருந்து கேட்டாள்.

"இல்ல, ஓடிக்கினுதான் கீது" என்றார், ரோட்டைப் பார்த்தபடியே. திரும்பியபோது அவளுக்கு உயிர் இல்லை.

அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது இந்த நடுக்கம். ரங்கையா பேய் பிசாசை நம்புகிறவர் இல்லை. ஆனால் அந்த வண்டியில் ஏறினால் உள்கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுவிடுவார். பின்சீட் கண்ணில் படக்கூடாது.

இந்த சீசனில் மகள் சிவசங்கரி பிரசவத்துக்கு வந்திருந்தாள். நாள் நெருங்கியதும் திருப்பதியில் அட்மிட் ஆகச் சொன்னார்கள்.

"நான் அதுல ஏற மாட்டேன் நைனா. அம்மா அதுலயே கீறாங்க, நடுங்கிக்கினு. வாடகை வண்டி சொல்லிடு."

மெக்கானிக் பெண்ணுக்கு வாடகை வண்டியா? அவருக்குச் சுருக்கென்றது. மறுநாள் காலையிலேயே பானட்டைத் திறந்தார். பிளக், காயில், திராட்டில் எல்லாம் பார்த்துச் சலித்தவை. எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங்கைக்கூட மாற்றியாயிற்று. எங்கோ வெளிக்காற்று உள்ளே புகுகிறது, அது ஒன்றுதான் மிச்சம். எஞ்சினை ஓடவிட்டு, ரப்பர் ஹோஸ் ஒவ்வொன்றின்மேலும் தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்தார். ஓட்டை இருக்கிற இடத்தில் தண்ணீர் அதை அடைத்து, நடுக்கம் ஒரு நொடி நிற்கும். பின்புறத்து ஹோஸ் வந்ததும் கை தானாக விலகியது. அதில் காணிப்பாக்கத்து மஞ்சள் கயிறு இருந்தது.

வண்டி வாங்கியதும் காணிப்பாக்கத்துப் பிள்ளையார் கோயிலில் பூஜை போட்டார்கள். மற்றவர்களெல்லாம் வண்டிக்கு முன்னால் கயிறு கட்ட, ரத்னம்மா மட்டும், "எல்லாரும் பாக்கற எடத்துல கட்னா கண்ணு படாம இன்னா பண்ணும்?" என்று பானட்டுக்குள் கையை விட்டு, எட்டின ரப்பர் குழாயில் மூன்று முடிச்சு இறுக்கிப் போட்டாள். அன்றிலிருந்து ரங்கையா அந்தக் கயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அடுத்த ஹோஸுக்குப் போய்விடுவார். சாமிக் கயிற்றை யாராவது சந்தேகப்படுவார்களா?

இன்றைக்கு அதன்மேலும் தெளித்தார். நடுக்கம் சட்டென்று அடங்கியது, பிறகு மறுபடி வந்தது. சூட்டிலும் அதிர்விலும் கயிறு ரப்பரை அறுத்துவிட்டிருந்தது.

எஞ்சினை அணைத்துவிட்டு முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். அவள் போட்ட முடிச்சு எது சுலபத்தில் அவிழ்ந்தது? பிளேடைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அறுத்தால் இந்த நடுக்கமும் போய்விடும், அவளென்று சொல்ல வண்டியில் ஒன்றும் மிஞ்சாது. அழுதுகொண்டேதான் அறுத்தார். புது ஹோஸ் மாட்டினார்.

எஞ்சின் ஓடும்போதே சிவசங்கரி பானட்டின்மேல் கை வைத்துப் பார்த்தாள். பின்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

பாகாலா தாண்டி அதே மண்டி, ரோட்டை அடைத்து மாங்காய் லாரிகள். கார் நின்றது. ரங்கையா நடுக்கம் வருமா என்று காத்திருந்தார். வரவில்லை.

"நைனா, வண்டி ஆஃப் ஆயிடுச்சா?"

இந்த முறை ரோட்டைப் பார்த்துக்கொண்டு அதே பதிலைச் சொல்ல அவரால் முடியவில்லை. ஒரு வருஷமாகத் தூக்கிவைத்திருந்த கண்ணாடியைக் கீழே இறக்கினார். அதில் சிவசங்கரி வயிற்றின்மேல் கையை வைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓடிக்கினுதான் கீதும்மா."

முன்னால் லாரி நகர்ந்துவிட்டது. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். அவர் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.