அப்பாவின் இயக்குநர் எடுத்த சண்டைப் படம்

அந்தச் சண்டைப் படத்துக்குப் போகிறோம் என்று அப்பா சொன்ன நாளிலிருந்தே எனக்குப் பயம் பிடித்துவிட்டது. அப்போது எனக்குப் பத்து வயது. போர் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அரியாலையில் எங்கள் வீட்டிலிருந்து ஷெல் சத்தத்தைத் தூரத்தில் கேட்டிருந்தேனே தவிர, விழுந்ததைப் பார்த்ததில்லை. தியேட்டரில் புதிதாகப் பூட்டியிருக்கும் ஸ்பீக்கரில் குண்டு வெடித்தால் நெஞ்சே அதிரும் என்று வகுப்புத் தோழி ஒருத்தி வேறு சொல்லிவைத்திருந்தாள். காய்ச்சல் என்று படுத்துப் பார்த்தேன். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழும்பச் சொன்னார்.

அப்பாவுக்கோ அது கோயில் காரியம் மாதிரி. அந்த இயக்குநரை அவர் பெயர் சொல்லிக் கதைப்பதில்லை, ‘மனுசன்’ என்றுதான் சொல்வார். கரண்டே இல்லாத காலத்தில் வீடியோ டெக்கும் ஜெனரேட்டரும் வாடகைக்கு எடுத்து, மண்ணெண்ணெய்ப் புகையில் கண் எரிய எரிய மனுசனின் படங்களைப் பார்த்தவர். கடைசியாக வந்த இரண்டும் சரியில்லை என்று யாராவது சொன்னால் அந்த ஆளோடு ஒரு மாதம் கோபம். இப்போது மனுசன் எங்கள் சண்டையைப் பற்றியே படம் எடுத்திருக்கிறார். வீட்டில் யாரால் மறுக்க முடியும்?

அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“ஷெல் சத்தம் வருமோ?”

“படம்தானே. எல்லாம் பொய்ச் சத்தம்,” என்றார் அப்பா.

மத்தியானக் காட்சிக்குப் போனோம். அம்மா வாசலுக்குக் கிட்ட, நடைபாதை ஓரமாக இருந்த இருக்கையைப் பிடித்துக்கொண்டார். நடுவில் நான், அந்தப் பக்கம் அப்பா. படம் தொடங்கியதுமே இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். குண்டுகள் வெடிக்கத்தான் செய்தன. ஆனால் சனம் சிரித்தது. கதாநாயகன் ஷெல் மழைக்குள் நெஞ்சை நிமிர்த்தி நின்று வசனம் பேசினான். பங்கர்க் குழிக்குள்ளிருந்து ஏறி வந்த பெண்ணின் சேலையில் ஒரு மடிப்புக் கலையவில்லை.

“தம்பி, விழுந்து படடா!” என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார்.

“குத்தின சத்தம் கேக்க முன்னமே விழுகுது,” என்றார் இன்னொருவர். தியேட்டரே குலுங்கியது.

எனக்கு விளங்கவில்லை. அப்பா என் காதுக்குள் சொன்னார்: “தூரத்திலை ‘டும்’ எண்டு ஒரு சத்தம் வரும் பிள்ளை. அதுதான் ஷெல்லைக் குத்தி அனுப்பிற சத்தம். பிறகு கொஞ்ச நேரம் ஒண்டும் இராது. நாங்கள் எண்ணிக்கொண்டு இருப்பம். அதுக்குப் பிறகுதான் வந்து விழும்.”

இடைவேளையில் அப்பா எனக்குக் கச்சான் கடலை வாங்கித் தந்தார். பிள்ளை பரீட்சையில் கோட்டை விட்டதைக் கேட்ட தகப்பனின் முகம். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்தப் பாவத்தில் என் பயமும் கொஞ்சம் விட்டிருந்தது.

அதன் பிறகு ஒரே ஒரு காட்சி வந்தது. அதில் மட்டும் பழைய மனுசன் எட்டிப் பார்த்தார். ஒரு முற்றம். ஒரு பெண் உடுப்புக் காயப்போடுகிறாள். பாட்டில்லை, வசனமில்லை. தூரத்தில் ‘டும்’ என்றது. அவளுடைய கை அப்படியே நின்றது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது.

திரை, ஸ்பீக்கர், மின்விசிறி எல்லாம் ஒன்றாக நின்றன. வழக்கமாகக் கரண்ட் போனால் விசிலடித்துக் கூரையைப் பிரித்துவிடுவார்கள். அன்று ஒருவரும் மூச்சுக்கூட விடவில்லை. அந்த இருட்டில் பெரியவர்கள் எல்லோரும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது எப்படியோ தெரிந்தது. நானும் எண்ணினேன். ஐந்தோ ஆறோ எண்ணியிருப்பேன், அம்மா என்னை இழுத்து நிலத்தில் போட்டு மேலே விழுந்தார்.

என் கன்னம் கச்சான் கோதில் அழுந்தியது. மூச்சு முட்டியது. உண்மையாகவே ஷெல் வருகிறது என்று நம்பினேன். இன்றுவரை அப்படிப் பயந்ததில்லை. அம்மாவின் இடக்கை என்னை நெரித்துப் பிடித்திருந்தது. வலக்கை நடைபாதைத் தரையைத் தடவித் தடவித் தேடியது.

“பிள்ளை எங்கை? பிள்ளை எங்கை?”

“நான் இஞ்சைதானம்மா!” என்று கத்தினேன். அம்மாவுக்குக் கேட்கவில்லை. கை தேடிக்கொண்டே இருந்தது.

ஜெனரேட்டர் போட்டு வெளிச்சம் வந்தபோது பாதிச் சனம் தரையிலிருந்து எழும்பிக்கொண்டிருந்தது. உடுப்பைத் தட்டிக்கொண்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அப்பா முழங்காலில் நின்றபடி அம்மாவின் வலக்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“தேடினது காணும், விடும்,” என்றார் மெதுவாக.

படம் திரும்ப ஓடத் தொடங்கியது. நாங்கள் வெளியே வந்துவிட்டோம்.

எனக்கு முன்னே ஒரு அக்கா இருந்தாள் என்று வீட்டில் யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. நான் பிறப்பதற்கு முன் ஒரு ஷெல்லடியில் அம்மா அவளை இழுத்துக்கொண்டு விழுந்ததையும், விழுந்த இடத்தில் அவள் கைநழுவிப்போய்ச் செத்ததையும் பெரியம்மா சொன்னபோது எனக்குப் பதினாறு வயது. பத்து வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் அம்மாவின் கைக்குள்ளேயே இருந்தேன், அம்மா என்னை வேறெங்கோ தேடினார் என்பதுதான்.

ஓட்டோவில் வீட்டுக்குத் திரும்பும்போது பயம் தெளிந்து எனக்கு வாய் வந்துவிட்டது.

“அம்மாக்கு விசர். என்னைப் பிடிச்சுக்கொண்டு என்னையே தேடினவா,” என்றேன்.

அப்பா ரோட்டைப் பார்த்தார்.

“ஓம் பிள்ளை, மறந்துபோனன்,” என்றார் அம்மா.

அது எனக்குப் பெரிய பகிடியாகப் பட்டது. வீடு வந்து சேரும்வரை அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.