ஆறாம் மாதத்தில் ஓர் அண்டி ஆபீஸ் தீ

1. ஆபீஸ் சீட்

கர்ப்பமாக இருக்கிறேன் என்று சொன்னதும் எங்கள் மாவட்டத் தீயணைப்பு அலுவலர் வாழ்த்துச் சொன்னார். அடுத்த வாக்கியத்திலேயே, "இனிமே ஆபீஸ் சீட்ல இரும்மா. பெல் அடிச்சா செல்லப்பன் வண்டியை எடுத்துட்டுப் போகட்டும்" என்றார்.

அப்போது நான் குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம் ஒரு தீயணைப்பு நிலையத்தில் நிலைய அலுவலர். எனக்குக் கீழே வேலை பார்த்த எல்லாரும் ஆண்கள். செல்லப்பன் அண்ணன் லீடிங் ஃபயர்மேன். வயதிலும் சர்வீஸிலும் என்னைவிட மூத்தவர்.

"சார், டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன். புகைக்குள்ள போகமாட்டேன், ஏணி ஏறமாட்டேன், பாரம் தூக்கமாட்டேன். ஆனா ஸ்பாட்ல வெளிய நின்னு ஆர்டர் குடுக்குறது என்னோட வேலை. அத நான்தான் செய்வேன்."

அவருக்கு முழுச் சம்மதம் இல்லை. "ஜீப்லதான் போகணும். காத்து உனக்குப் பின்னால இருந்து அடிக்கிற பக்கமாத்தான் நிக்கணும்" என்ற நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்.

முட்டத்திலிருந்து அம்மா போனில் திட்டினாள். "ஏட்டி, உனக்க அப்பன் வள்ளத்துல கடலுக்குப் போனப்பகூட நான் இப்பிடிப் பயந்ததில்ல." அந்த அம்மாதான் என் யூனிஃபார்ம் சட்டையின் இரண்டு பக்கமும் பிரித்து, துணி வைத்துத் தைத்துக் கொடுத்தாள்.

2. விசில்

ஆறாம் மாதம். மதியச் சாப்பாடு முடிந்த நேரத்தில் பெல் அடித்தது. கருங்கல் பக்கம் ஓர் அண்டி ஆபீஸில் தீ. முந்திரிக்கொட்டை உடைக்கும் ஃபேக்டரியை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். பெரும்பாலும் பெண்கள் வேலை செய்யும் இடம்.

போய் இறங்கும்போது உடைத்த முந்திரித் தோடு குவித்து வைத்திருந்த ஷெட் முழுக்கப் பற்றியிருந்தது. முந்திரித் தோட்டில் எண்ணெய் உண்டு. அது எரிந்தால் புகை கறுப்பாக வரும், கண்ணையும் தொண்டையையும் அறுக்கும். வெறும் தண்ணீரை அடித்தால் எரிகிற எண்ணெய் தெறிக்கும். தீயை மூடும் நுரையை, ஃபோமை, அடிக்கச் சொன்னேன். அதற்குள் தீ பக்கத்து ஹாலின் ஓட்டுக்கூரையில் ஏறியிருந்தது.

"எல்லாரும் வெளிய வந்தாச்சு மேடம்" என்றார் ஃபேக்டரி சூப்பர்வைசர்.

அப்போது கூட்டத்திலிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். பெயர் ராஜம். "எனக்க தங்கச்சியக் காணேல! கலா... துணி மாத்தப் போனவ வரேல!"

துணி மாற்றும் அறை ஹாலின் கடைசியில் இருந்தது. எங்களிடம் இருந்தவை இரண்டு பி.ஏ. செட், அதாவது முதுகில் மாட்டும் காற்று சிலிண்டர். செல்லப்பன் அண்ணனும் மணிகண்டனும் அவற்றைப் போட்டுக்கொண்டு ஹாலுக்குள் போனார்கள். அவர்கள் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை என் கையில்.

நான் ராஜத்தைப் பக்கத்தில் இழுத்து நிறுத்தினேன். "அழாதீங்க அக்கா. நான் கேக்கதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. அந்த ரூமுக்கு ஜன்னல் உண்டா?"

"ஒண்ணு உண்டு. கம்பி போட்டது. பொறத்தால ரப்பர் தோட்டம்."

என் ஆட்களில் வேறு இருவரிடம் கடப்பாரையும் கட்டரும் கொடுத்து, தோட்டம் வழியாக அந்த ஜன்னலுக்கு ஓடச் சொன்னேன்.

உள்ளே விசில் கேட்டது. சிலிண்டரில் காற்று குறைந்தால் அதுவே ஊதும். ஊதினால் வெளியே வந்தாக வேண்டும். ஆனால் வாக்கிடாக்கியில் செல்லப்பன் அண்ணன், "மேடம், அந்தப் பிள்ளைக்க சத்தம் கேக்குது. சாக்குமூட்டை சரிஞ்சு வழி அடைச்சுக் கெடக்கு. கொஞ்சம் பொறுங்க, மாத்திருவோம்" என்றார்.

நான் கூரையைப் பார்த்தேன். நடு உத்திரம் வளைந்திருந்தது.

"அண்ணே, விட்டுட்டு வெளிய வாங்க."

"மேடம், சத்தம் கேக்குது!"

"கேக்கட்டும். ஜன்னல் பக்கம் ஆள் போயாச்சு. வெளிய வாங்க. இது ஆர்டர்!"

கயிற்றை இழுத்தேன். ராஜம் என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "அவள விட்டுட்டு வரச் சொல்லுதியா? நீயும் ஒரு பெண்ணா?" நான் கயிற்றை விடவில்லை. வயிற்றில் பிள்ளை உதைத்தது. அதற்கும் அப்போது நேரமில்லை.

இருவரும் தவழ்ந்து வெளியே வந்தார்கள். மாஸ்க்கைக் கழற்றிய செல்லப்பன் அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் அப்படியே இருந்தது. அவர் வாய் திறப்பதற்குள் நடு உத்திரம் முறிந்தது. ஹாலின் கூரை மொத்தமும் ஓட்டோடு உள்ளே விழுந்தது.

வாக்கிடாக்கியைக் காதோடு சேர்த்துப் பிடித்தேன். பிறகு அதில் ஜன்னல் பக்கம் போனவர்களில் ஒருவரின் குரல் வந்தது. "மேடம், கம்பிய அறுத்தாச்சு. ஆளு வெளிய. மூச்சு இருக்கு."

ராஜம் தோட்டத்தைப் பார்த்து ஓடினாள்.

3. பிறகு

தீ முழுக்க அடங்க இருட்டிவிட்டது. கலா ஆஸ்பத்திரியில் கண் திறந்துவிட்டாள் என்று தகவல் வந்தது. செல்லப்பன் அண்ணன் ஜீப் பக்கத்தில் வந்து நின்றார்.

"கோவந்தான் வந்துச்சு மேடம். நான் உங்க இடத்துல நின்னிருந்தா, வெளிய கூப்பிட்டிருக்க மாட்டேன்."

"உள்ள நிக்கவங்களுக்குக் கூரை தெரியாதுல்லா அண்ணே."

அவர் தலையாட்டினார். அடுத்த நாள் மாவட்ட அலுவலர் போன் செய்தபோது அண்ணன்தான் எடுத்தார். "சார், மேடம் ஆபீஸ் சீட்டுக்குச் சரிப்பட மாட்டாங்க" என்று அவர் சொன்னதைப் பக்கத்து அறையிலிருந்து கேட்டேன். எந்தப் பாராட்டுச் சான்றிதழும் அதற்குச் சமமில்லை.

பிரசவ லீவு தொடங்கும் நாள் வரை எல்லா அழைப்புக்கும் போனேன். மகள் நல்லபடியாகப் பிறந்தாள்.

சமீபத்தில் வேறு மாவட்டத்திலிருந்து ஓர் இளம் அலுவலர் போன் செய்தாள். மாசமாக இருப்பதை மேலே சொல்லப் பயமாக இருக்கிறதாம், சொன்னால் ஒதுக்கிவிடுவார்களாம். நான் சொன்னேன்: முதலில் டாக்டரைக் கேள். புகைக்குள் போகாதே, அதில் வீம்பு காட்டாதே. அதன்பின் உன் அலுவலரிடம் நிமிர்ந்து நின்று சொல். தீக்கு முன்னால் ஓர் அலுவலரின் வேலை, உள்ளே அனுப்பிய ஆட்களை ஒருவர் குறையாமல் வெளியே கொண்டுவருவது. அதற்குத் தெளிந்த தலையும் உரத்த குரலும் வேண்டும். ஆறாம் மாதத்தில் என்னிடம் இரண்டும் இருந்தன.