மோட்டார் ரூமில் தெளித்த சாணி

வெள்ளிக்கிழமை காலையில் வாசலுக்குச் சாணி தெளித்துவிட்டு, மிச்சத்தை மோட்டார் ரூமுக்குள்ளும் ரெண்டு கை தெளித்தேன். அங்கே கூண்டுக்குள் ஒரு துருப்புள்ளிப் பூனை இருந்தது. வீட்டுப் பூனையில் பாதிதான் இருக்கும். முறைப்பதைப் பார்த்தால் புலிக்கு அக்கா என்று தோன்றும். அருகிவரும் காட்டுப் பூனை என்று சொல்லி, வனத்துறைக்காரர்கள் கால்நடை டாக்டரான என் மருமகளிடம் விட்டுப்போயிருந்தார்கள். வந்தபோது வயிறெல்லாம் புழு, உடம்பு எலும்பும் தோலும். ஒருமுறை மருந்து கொடுத்தாயிற்று. இனி பீயில் புழுவின் முட்டை இல்லையென்றால் காட்டில் விடலாம்.

அது கூண்டுக்குள் நடந்துகொண்டே இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

கூண்டுக்கடியில் தரையில் கிடந்த பீயை எடுத்து மருமகள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாள். முகம் வாடிவிட்டது.

"மருந்து கேக்கல அத்தை. முட்டை அம்புட்டு கெடக்கு. இன்னும் கூடப் போடணும்."

"அது தாங்குமா?"

"இம்புட்டுக்காணு உசுரு. தாங்காமலும் போகலாம்."

மருந்தை எடுத்து அளந்தாள். கழுவியும் என் கையில் சாணி வாசம் போகவில்லை.

"ஏத்தா, மாட்டு வயித்துலயும் புழு இருக்குமா?"

"இருக்கும். முட்டைகூட கிட்டத்தட்ட இதே மாதிரிதான். எதுக்குக் கேக்குறீக?"

"சும்மா, அறிவை வளக்கத்தான்."

அவள் கூண்டுப் பக்கம் திரும்பினாள். இதற்கு மேலும் வாய் திறக்காவிட்டால் பாவம் என் தலையில்தான் விடியும்.

"இருத்தா. இன்னைக்கு வெள்ளிக்கெழமைல்ல?"

"அதுக்கு?"

"ரெண்டு கை தெளிச்சேன். உள்ளயும்."

மருந்தைக் கீழே வைத்தாள். "அத்தை! பூனை ரூமுக்கு என்னத்துக்குச் சாணி? மகாலட்சுமி கூண்டுக்குள்ளயா வரப்போறா?"

"வந்தா இது முறைச்சே வெரட்டிரும், அது வேற விசயம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். தரையைக் கழுவி, பீ விழுவதற்குக் கூண்டுக்கடியில் புதுத் தட்டு வைத்தோம். பூனையோ பிடிவாதமாக எதுவும் போடவில்லை. பத்துத் தடவை எட்டிப் பார்த்தேன். "போயேன்டி மகராசி" என்று கெஞ்சினேன். மறுநாள் விடிந்த பிறகுதான் அது மனசு வைத்தது.

மருமகள் மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. நான் அவள் முதுகுக்குப் பின்னால் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன்.

"ஒரு எடத்துல நில்லுங்கத்தை. கூண்டுல கெடக்குறது நீங்களா, அதுவா?"

"சொல்லித் தொலைடி."

"ஒண்ணுமில்ல. சுத்தம்."

சாயங்காலம் வனத்துறைக்காரர்கள் கரட்டுக் காட்டோரமாகக் கூண்டைத் திறந்துவிட்டார்கள். திரும்பிக்கூடப் பார்க்காமல் புதருக்குள் நுழைந்தது.

"ஒரு நன்றி சொல்லுச்சா பாரு" என்றேன்.

"எதுக்கு அத்தை, சாணிக்கா?" என்றாள்.