தலை தாழாத ஸ்டூல்

அந்தத் துணிக்கடையில் வகுப்பக்காவின் சொந்தப் பெயர் பலருக்கு மறந்தே போய்விட்டது. வயது ஐம்பத்தாறு. முப்பது வருஷமாகச் சட்டைத்துணி கவுண்டர். எங்கே மாலை வகுப்பு என்று பலகை தொங்கினாலும் ஆள் அங்கே ஆஜர். கணினி, முதலுதவி, தொழிலாளர் சட்டம் என்று எதையும் விட்டுவைத்ததில்லை. இந்த வயதில் படித்து எந்த நாற்காலியில் உட்காரப் போகிறாய் என்று வீட்டுக்காரர் கேலி செய்வார்.

நாற்காலிதான் பிரச்சினையே. பக்கத்துக் கவுண்டர் போர்வைக்காரிக்குப் பத்து மணி நேரம் நின்று நின்று காலில் நரம்பு முறுக்கிக்கொண்டது. உட்கார்ந்து வேலை பார், இல்லையென்றால் வேலையை விடு என்று டாக்டர் சொல்லிவிட்டார். விட்டால் அவள் வீட்டில் அடுப்பு எரியாது. சட்டம் படித்த கையோடு வகுப்பக்கா முதலாளிக்கு ஒரு மனு எழுதினாள். 'நாற்காலி வாடிக்கையாளருக்கு மட்டும்' என்று மனுவின் பின்பக்கத்திலேயே எழுதித் திருப்பிக் கொடுத்தார் அந்தப் புண்ணியவான்.

வகுப்பக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த ஞாயிறே தச்சு வகுப்பில் சேர்ந்துவிட்டாள். முதலில் செய்த ஸ்டூல் நொண்டியது. இரண்டாவது வாத்தியாரையே கீழே தள்ளியது. மூன்றாவதுதான் ஒழுங்காக நின்றது.

சூட்சுமம் உயரத்தில் இருந்தது. முதலாளி மாடிப்படியில் நின்றபடி, கவுண்டருக்கு மேலே தெரியும் தலைகளைத்தான் நோட்டம் விடுவார். ஆகவே போர்வைக்காரியை நிற்கவைத்து அளந்து, உட்கார்ந்தாலும் தலை ஓர் அங்குலம்கூட இறங்காதபடி ஸ்டூலைச் செய்தாள். அதன் கால்களைக் கழற்றிக் குடைகளோடு குடையாகக் கட்டிக் கொண்டுவந்து, கவுண்டருக்குப் பின்னால் திருகிப் பூட்டினாள். மூன்று மாதத்தில் எட்டுப் பேருக்கு எட்டு ஸ்டூல்.

முதலாளிக்கு ஒரே பூரிப்பு. நம்ம கடைப் பெண்கள் இப்போதெல்லாம் சிடுசிடுப்பதே இல்லை, எல்லாம் நின்று வேலை பார்ப்பதால் வந்த களை என்று வருவோர் போவோரிடமெல்லாம் அளந்தார்.

ஒருநாள் விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தவர், கவுண்டர் சந்து வழியே பார்த்துவிட்டார். போர்வைக்காரியின் கால்கள் தரையில் இல்லை. அவளுக்கு உயிரே போய்விட்டது. வேலை போச்சு என்று கண் கலங்கி எழுந்து நின்றாள்.

முதலாளி உள்ளே வந்து ஸ்டூலை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. வசதியாகத் திட்டலாம் என்று அதிலேயே உட்கார்ந்தார். காலையிலிருந்து படியில் காவல் நின்ற முழங்கால் ஆயிற்றே, திட்டு தொண்டையிலேயே தங்கிவிட்டது.

"எவ்வளவு நாளா நடக்குது இது?"

"நீங்க எங்களைப் பாராட்ட ஆரம்பிச்ச நாள்லேர்ந்து," என்றாள் வகுப்பக்கா.

முதலாளி ஸ்டூலின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். பிறகு, படிக்கட்டுக்கும் ஒன்று கிடைக்குமா என்று குரலைத் தணித்துக் கேட்டார். எல்லாரும் உட்காரலாம் என்று கையெழுத்துப் போட்டால் கிடைக்கும் என்று சொல்லி, அவள் பையிலிருந்து அதே பழைய மனுவை நீட்டினாள். அவர் முன்பு எழுதியதை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வகுப்பக்கா அளவு நாடாவை உருவினாள்.

"எழுந்து நில்லுங்க முதலாளி, உயரம் பார்க்கணும்."

"இரும்மா, இன்னும் கொஞ்சம் உட்கார்ந்துக்கிறேன்."